ஜன்னலைத் தட்டிய வண்டு

உடனிகழ்ச்சி: ஒரு சொல் பிறந்த கதை – அத்தியாயம் 3

கோட்டிங்கென் ஆய்வுக்கூடத்தில் பேராசிரியர் ஜேம்ஸ் ஃப்ராங்க் பாடுபட்டு அமைத்திருந்த கருவி ஒரு பிற்பகலில் திடீரென்று நொறுங்கிப்போனதைச் சென்ற வாரம் பார்த்தோம். காரணம் யாருக்கும் பிடிபடவில்லை. ஃப்ராங்க் இதை வேடிக்கையாக விவரித்து, ஜூரிக்கில் இருந்த வோல்ஃப்காங் பவுலிக்கு ஒரு கடிதம் போட்டார். பதில் வரவில்லை. அந்த இடத்தில் நிறுத்தியிருந்தோம்.

பதில் கொஞ்சம் தாமதமாக வந்தது. உறையில் ஒட்டியிருந்தது சுவிஸ் தபால்தலை அல்ல, டென்மார்க் தபால்தலை. நீல்ஸ் போரைப் பார்க்கக் கோபன்ஹேகன் போயிருந்தார் பவுலி. போகிற வழியில் அவருடைய ரயில் சில நிமிடங்கள் ஒரு ஸ்டேஷனில் நின்றதாம். அந்த ஸ்டேஷன் கோட்டிங்கென். ரயில் நின்ற நேரமும் கருவி நொறுங்கிய நேரமும் ஒன்று!

இந்தச் சம்பவத்தைத் தன் புத்தகத்தில் பதிந்து வைத்தவர் ஜார்ஜ் கேமோ. நம்புவதும் நம்பாததும் வாசிப்பவர் விருப்பம் என்று அவரே விட்டுவிட்டார். ஆனால் ஐரோப்பிய இயற்பியல் உலகம் முழுவதும் அன்று ஒரு பேச்சு இருந்தது. பவுலி உள்ளே நுழைந்தால் ஏதாவது உடையும், எரியும், நின்றுபோகும். அதற்குப் ‘பவுலி விளைவு’ என்று பெயரும் வைத்துவிட்டார்கள். ஹாம்பர்க்கில் ஓட்டோ ஸ்டெர்ன் அவருக்கு நெருங்கிய நண்பர். மதியச் சாப்பாடு இருவருக்கும் ஒன்றாகத்தான். ஆனாலும் தன் ஆய்வுக்கூட வாசலைத் தாண்ட மட்டும் ஸ்டெர்ன் அவரை விட்டதில்லை.

மற்றவர்கள் சிரித்தார்கள். பவுலி இதைச் சிரிப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. அவருடைய நண்பர் மார்க்கஸ் ஃபியர்ஸ் பிற்பாடு சொன்னார்: அப்படி ஏதாவது நடப்பதற்கு முன் பவுலிக்கு மனத்தில் ஒரு இறுக்கம் வரும், நடந்து முடிந்ததும் பாரம் இறங்கியதுபோல் லேசாகிவிடும். தன்னைச் சுற்றி என்னவோ நடக்கிறது என்று அவர் உள்ளூர நம்பினார்.

இதை நம்பியவர் யார் என்பதுதான் விஷயம். ஏமாளி அல்ல. அன்றைய இயற்பியலாளர்களிலேயே மிகக் கறாரானவர். 21 வயதில் சார்பியல் கோட்பாடு பற்றி ஒரு கலைக்களஞ்சியத்துக்கு அவர் எழுதிய நீண்ட கட்டுரையை ஐன்ஸ்டைனே வியந்து பாராட்டினார். ஓர் அணுவுக்குள் இரண்டு எலக்ட்ரான்கள் எல்லா வகையிலும் ஒரே நிலையில் இருக்க முடியாது என்ற தவிர்க்கை விதியை 1925-ல் வெளியிட்டார். மதராஸ் மாநிலக் கல்லூரியில் படித்துவிட்டு 1930-ல் இங்கிலாந்துக்குக் கப்பலேறிய 19 வயது சந்திரசேகர், நட்சத்திரங்களின் முடிவைப் பற்றிக் கப்பலில் போட்ட கணக்குக்கு அஸ்திவாரமே இந்த விதிதான். அரைகுறையாக யோசித்துப் பேசுகிறவர்கள் பவுலியின் முன்னால் நிற்கவே அஞ்சினார்கள்.

அவரை விடாமல் துரத்திய எண் ஒன்றும் உண்டு. மியூனிக்கில் அவருடைய ஆசிரியர் அர்னால்ட் சோமர்ஃபெல்ட் 1916-ல் அறிமுகப்படுத்திய நுண்கட்டமைப்பு மாறிலி. ஒளியும் எலக்ட்ரானும் எவ்வளவு வலுவாக ஒன்றையொன்று பற்றிக்கொள்கின்றன என்பதைச் சொல்லும் அளவு அது. அதன் மதிப்பு, ஒன்றை 137-ஆல் வகுத்தால் வருவதற்கு மிக நெருக்கமானது. ஏன் 137? ஏன் 136 இல்லை, 140 இல்லை? இயற்பியலின் எந்தச் சமன்பாட்டிலிருந்தும் அந்த எண் தானாக வரவில்லை. இன்றுவரை வரவில்லை. பவுலி வாழ்நாள் முழுக்க இந்தக் கேள்வியோடு இருந்தார். வாசகர்கள் இந்த எண்ணை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

1927-ல் அவருடைய தாயார் தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டார். 1929 டிசம்பரில் பவுலி ஒரு நடனக் கலைஞரை மணந்தார். ஓராண்டு முடிவதற்குள் விவாகரத்து. அந்த விவாகரத்தின் காயம் ஆறாத நாட்களில், 1930 டிசம்பர் 4 அன்று, ட்யூபிங்கெனில் கூடியிருந்த விஞ்ஞானிகளுக்கு ஒரு கடிதம் எழுதினார். யாரும் பார்த்திராத, எதிலும் சிக்காமல் ஊடுருவிப் போகும் ஒரு துகள் இருக்கக்கூடும் என்று அதில் சொன்னார். இன்று நியூட்ரினோ என்கிறோமே, அதுதான். அந்தக் கூட்டத்துக்கு அவர் நேரில் போகவில்லை. ஜூரிக்கில் ஒரு நடன விருந்துக்குப் போக வேண்டியிருந்தது! பகலில் இப்படி ஒரு மூளை. இரவில் குடி, சண்டை, தூக்கமில்லாத விடியல். மகன் உடைந்துகொண்டிருப்பதைப் பார்த்த தந்தை, அதே ஊரில் இருக்கும் ஒரு மனநல மருத்துவரைப் போய்ப் பார்க்கச் சொன்னார்.

1932-ன் தொடக்கத்தில் பவுலி அந்த மருத்துவரின் முன் போய் உட்கார்ந்தார். கார்ல் குஸ்டாவ் யுங்குக்கு அப்போது 56 வயது. வந்தவரின் கனவுகளைக் கேட்டார். கேட்டு முடித்துவிட்டு, ‘நான் உங்களுக்கு வைத்தியம் பார்க்கப் போவதில்லை’ என்ற முடிவுக்கு வந்தார்.

அனுபவம் அதிகமில்லாத எர்னா ரோசன்பாம் என்ற பெண் மருத்துவரிடம் அனுப்பிவைத்தார். அலட்சியமா? இல்லை. பவுலியின் கனவுகளில் கொட்டிக் கிடந்தவை, பழைய ரசவாத நூல்களில் யுங் தேடிக்கொண்டிருந்த உருவங்கள். அந்த மனத்தில் தன் கருத்துகளின் சாயல் படிந்துவிடக் கூடாது என்று ஒதுங்கினார். சில மாதங்கள் கழித்துத்தான் தாமே பொறுப்பேற்றார். ஆயிரத்துக்கும் மேற்பட்ட கனவுகள் சேர்ந்தன. கனவு கண்டவர் யார் என்று சொல்லாமலே, அவற்றில் சுமார் 400-ஐத் தன் ஆய்வுக்கு யுங் எடுத்துக்கொண்டார். வைத்தியம் 1934-ல் முடிந்தது, உறவு முடியவில்லை. 25 ஆண்டுகள் இருவரும் கடிதம் எழுதிக்கொண்டார்கள்.

அந்தக் கடிதங்களுக்கு நடுவில்தான் நம் சொல் வளர்கிறது. ஆனால் அதன் விதை பவுலி வருவதற்கு வெகு முன்பே விழுந்திருந்தது.

1909 வசந்தகாலம். வியன்னாவில் சிக்மண்ட் ஃப்ராய்டின் படிப்பறை. ஆவி, முன்னறிவு போன்றவற்றைப் பற்றி யுங் கேட்கிறார். ஃப்ராய்டு அதெல்லாம் அபத்தம் என்று ஒதுக்குகிறார். யுங்குக்கு வயிற்றுக்குள் இரும்பு பழுத்துச் சிவப்பதுபோல் ஓர் உணர்வு. அந்த நொடியில் பக்கத்திலிருந்த புத்தக அலமாரியில் ‘படார்’ என்று ஒரு சத்தம். இருவரும் எழுந்துவிட்டார்கள். ‘பாருங்கள், இன்னொரு முறை கேட்கும்’ என்றார் யுங். கேட்டது.

யுங் தன் நினைவுகளில் சொல்லியிருப்பது இது. ஃப்ராய்டு சில நாட்களில் பதில் எழுதினார். அந்த அலமாரி அதற்குப் பிறகும் பலமுறை அப்படிச் சத்தம் போட்டதாம், யுங் இல்லாதபோதும். அதோடு தன் வியப்பு போய்விட்டது என்றார். ஃப்ராய்டு சொன்னதே எனக்குச் சரியாகப் படுகிறது. பழைய மரம் சத்தம் போடும். ஆனால் யுங்கின் மனத்தை விட்டு அகலாத கேள்வி வேறு: சத்தம் ஏன் வந்தது என்பது அல்ல, ஏன் *அப்போது* வந்தது?

அதே ஆண்டின் இலையுதிர்காலத்தில் ஜூரிக் பல்கலைக்கழகத்துக்கு ஓர் இளம் பேராசிரியர் வந்துசேர்ந்தார். ஆல்பர்ட் ஐன்ஸ்டைன். யுங்கின் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் சிலமுறை அவர் விருந்தினர். பெர்னில் காப்புரிமை அலுவலகத்தில் வேலை பார்த்துக்கொண்டே 1905-ல் அவர் எழுதிய கட்டுரை, ‘ஒரே நேரத்தில்’ என்று நாம் கூசாமல் சொல்லும் வார்த்தையை உலுக்கியிருந்தது. ஓடும் ரயில் ஒன்று. அதன் முன் நுனியிலும் பின் நுனியிலும் இரண்டு மின்னல் விழுகிறது. தண்டவாளத்துக்குப் பக்கத்தில் நிற்பவருக்கு இரண்டும் ஒரே நேரத்தில் விழுந்ததாகக் கணக்கு வருகிறது. ரயிலின் நடுவில் இருப்பவரோ முன்பக்க மின்னலை நோக்கிப் போய்க்கொண்டிருக்கிறார். அந்த ஒளிதான் அவரை முதலில் வந்தடைகிறது. ஒளியின் வேகம் இருவருக்கும் ஒன்றே என்பதால், அவர் கணக்கில் முன்பக்க மின்னல்தான் முதலில் விழுந்தது. இருவர் சொல்வதும் சரி. உலகம் முழுவதற்கும் பொதுவான ‘இப்போது’ என்று ஒன்று கிடையாது.

கணக்கு தனக்குப் பிடிபடவில்லை என்று யுங் ஒப்புக்கொண்டவர். ஆனாலும் காலமும் இடமும் நாம் நினைக்கிற அளவுக்குக் கல்லில் அடித்தவை அல்ல என்ற எண்ணம் அந்தச் சாப்பாட்டு மேசையில்தான் முதலில் பிறந்தது என்று 1953-ல் ஒரு கடிதத்தில் எழுதினார். வரலாற்றின் இந்த இடம் என்னை எப்போதும் பிடித்து நிறுத்தும். ‘உடனிகழ்ச்சி’ என்பதை இயற்பியலிலிருந்து ஒருவர் இறக்கி வைக்கிறார். அதே மேசையில் எதிரே உட்கார்ந்திருப்பவர் அதை மனத்தின் பக்கமாகத் தூக்கிக்கொள்கிறார்.

அடுத்த உந்துதல் சீனாவிலிருந்து வந்தது. 1920 வாக்கில் ஒரு கோடை. ஜூரிக் ஏரியின் மேல்கரையில், நூறு வயதான பேரி மரத்தடியில் யுங் உட்கார்ந்திருக்கிறார். பக்கத்தில் விரித்து வைத்த சீன நூல் ‘ஈ சிங்’. அதன்படி குறி கேட்க ஐம்பது செடித்தண்டுகள் வேண்டும். அவை கிடைக்காததால் ஏரிக்கரை நாணலை வெட்டி வைத்துக்கொண்டார். ஒரு தண்டைத் தனியே எடுத்து வைத்துவிட்டு, மீதி 49-ஐக் கைபோன போக்கில் இரண்டாகப் பிரித்து, நான்கு நான்காக எண்ணிக் கழிக்க வேண்டும். மிச்சத்தைக் கொண்டு ஒரு கோடு. இப்படியே ஆறு கோடுகள். மொத்தம் 64 உருவங்களில் ஏதோ ஒன்று வந்து நிற்கும். கேள்வியும் பதிலும் பொருந்துகின்றனவா என்று மணிக்கணக்கில் பார்த்துக்கொண்டிருந்தார். பொருந்துவதாக அவருக்குப் பட்டது.

அந்த நூலை ஜெர்மன் மொழியில் அழகாகப் பெயர்த்தவர் ரிச்சர்ட் வில்ஹெல்ம். சிங்தாவ் நகருக்கு மதபோதகராகப் போய்ச் சீன அறிவில் மூழ்கி வந்தவர். யுங்குக்கு நெருங்கிய நண்பர். 1930 மார்ச்சில் அவர் இறந்தார். மே மாதம் மியூனிக்கில் நடந்த நினைவுக் கூட்டத்தில் யுங் பேசினார். ஈ சிங்கின் அறிவு, காரணம் என்ற தத்துவத்தில் நிற்கவில்லை. இதுவரை பெயரிடப்படாத வேறொரு தத்துவத்தில் நிற்கிறது என்றார். பெயரும் வைத்தார். கிரேக்கத்தில் ‘சின்’ என்றால் கூட. ‘க்ரோனோஸ்’ என்றால் காலம். இரண்டையும் சேர்த்து அவர் ஆக்கிய சொல்: சிங்க்ரோனிசிட்டி.

தமிழ் இலக்கணம் படித்தவர்களுக்கு இதை எளிதாகப் புரியவைத்துவிடலாம். மூன்றாம் வேற்றுமையை நினைத்துக்கொள்ளுங்கள். ஆல், ஆன், ஒடு, ஓடு. இதன் பொருள்களைக் கருவி, கருத்தா, உடனிகழ்வு என்று நன்னூல் வகுக்கிறது. ‘இடியால் மரம் எரிந்தது’ என்றால் ஆல். அங்கே காரணம் இருக்கிறது. ‘இடியோடு மழை வந்தது’ என்றால் ஓடு. இடி மழையைக் கொண்டுவந்ததாக அதற்குப் பொருள் இல்லை. இரண்டும் சேர்ந்து வந்தன. மேலைநாட்டு அறிவியல் முந்நூறு ஆண்டுகளாக ஆல் உருபை மட்டும் தேடிக்கொண்டிருக்கிறது, இயற்கையில் ஓடு உருபும் ஒன்று இருக்கிறது என்பதுதான் யுங் சொல்ல வந்தது. ஒரே வேற்றுமைக்குள் இரண்டையும் வைத்த நம் இலக்கணக்காரர்களை அவருக்குத் தெரிந்திருந்தால் நிச்சயம் மகிழ்ந்திருப்பார்.

ஆனால் வெறும் ஓடு போதாது என்பதையும் அவர் அறிந்திருந்தார். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதையை நாம் எதற்குச் சொல்கிறோம்? ஓடு என்று நிற்க வேண்டியதை ஆல் என்று நினைத்துவிடாதே என்று எச்சரிப்பதற்கு. பழம் பழுத்திருந்தது, எப்படியும் விழுந்திருக்கும். ஒரே நேரத்தில் நடப்பவை உலகத்தில் எண்ணிலடங்காதவை. அதற்கு யுங் ‘சிங்க்ரோனிசம்’ என்ற பழைய சொல்லையே விட்டுவைத்தார். தன் புதுச் சொல்லுக்கு ஒரு நிபந்தனை போட்டார்: மனத்துக்குள் ஒன்று நடக்க வேண்டும், வெளியே ஒன்று நடக்க வேண்டும், ஒன்று மற்றொன்றுக்குக் காரணமாக இருக்கவே கூடாது, இரண்டுக்கும் பொருள் ஒன்றாக இருக்க வேண்டும்.

இந்த நிபந்தனை இல்லாமல் இறங்கிய ஒருவர் உண்டு. வியன்னா உயிரியலாளர் பால் காமெரர். பூங்கா பெஞ்சுகளில் மணிக்கணக்கில் உட்கார்ந்து, போகிற வருகிறவர்களில் எத்தனை பேர் குடை வைத்திருக்கிறார்கள், எத்தனை பேர் பொட்டலம் சுமக்கிறார்கள் என்று குறித்தார். ஒத்தவை கொத்துக் கொத்தாக வருகின்றன என்று கண்டு, தொடர் நிகழ்ச்சிகளின் விதி என்று 1919-ல் ஒரு நூலும் எழுதினார். தேரை ஆராய்ச்சியில் மோசடி என்ற குற்றச்சாட்டு கிளம்பிய சில வாரங்களில், 1926 செப்டம்பரில், தன்னைத் தானே சுட்டுக்கொண்டு இறந்தார். அவர் காட்டிய உதாரணங்கள் எல்லாம் தற்செயலின் எல்லைக்குள்தான் இருக்கின்றன என்று யுங் தயங்காமல் எழுதினார்.

தன் வாழ்க்கையில் நடந்ததையும் அதே கறாரோடு தள்ளிவிட்டார். 1949 ஏப்ரல் 1, வெள்ளிக்கிழமை. காலையில் ஒரு பழைய கல்வெட்டு வாசகத்தைக் குறித்துக்கொள்கிறார், அதில் மீன். மதியச் சாப்பாட்டில் மீன். ஏப்ரல் முட்டாள் தினத்தை அந்த ஊரில் ஏப்ரல் மீன் என்பார்கள்; யாரோ அந்தப் பேச்சை எடுக்கிறார்கள். பிற்பகலில், மாதக்கணக்காகப் பார்க்காத ஒரு பெண்மணி தான் வரைந்த ஓவியங்களைக் கொண்டுவருகிறார், மீன்கள். மாலையில் ஒரு பூவேலைத் துணி, மீன் உருவங்கள். மறுநாள் காலை இன்னொருவர் தன் கனவைச் சொல்கிறார். பெரிய மீன் ஒன்று நீந்திவந்து காலடியில் ஒதுங்கியதாம். இத்தனையும் சேர்ந்து வந்தது மனத்தை அசைத்தது என்று சொல்லிவிட்டு, இது தற்செயலே, இதற்கு மேல் எதுவும் சொல்ல ஆதாரமில்லை என்று முடித்தார். யுங்கை எடுத்த எடுப்பில் மூடநம்பிக்கைக்காரர் என்று தள்ளுகிறவர்கள் இந்தப் பக்கத்தைப் படிக்க வேண்டும்.

அப்படியானால் எதைத்தான் அவர் ஏற்றுக்கொண்டார்?

ஓர் இளம்பெண். நன்றாகப் படித்தவர், எதையும் தர்க்கத்தால் அறுத்துப் பார்ப்பவர். அந்தக் கூர்மையே அவருக்குச் சிறையாகி, வைத்தியம் ஓர் அங்குலம் நகரவில்லை. ஒருநாள் முந்திய இரவின் கனவைச் சொல்லிக்கொண்டிருக்கிறார். யாரோ அவருக்குப் பொன்னால் செய்த வண்டு நகை ஒன்றைக் கொடுக்கிறார்கள். எகிப்தியர் மறுபிறப்பின் அடையாளமாகப் போற்றிய ஸ்காரப் வண்டு. யுங்குக்குப் பின்னால் ஜன்னல், சாத்தியிருக்கிறது. அதில் ‘டொக், டொக்’ என்று மெல்லத் தட்டும் சத்தம். திரும்பிப் பார்க்கிறார். வெளிச்சத்திலிருந்து இருண்ட அறைக்குள் வர முயன்று, கண்ணாடியில் மோதிக்கொண்டிருக்கிறது ஏதோ ஒரு பூச்சி. பொதுவாகப் பூச்சிகள் வெளிச்சத்தை நோக்கித்தானே போகும்? எழுந்து ஜன்னலைத் திறந்து, உள்ளே பறந்து வந்ததைக் காற்றிலேயே பிடிக்கிறார். நம்மூர்ப் பிள்ளைகள் நெருப்புப்பெட்டியில் அடைத்து வளர்க்கும் பொன்வண்டைப்போலப் பச்சையும் பொன்னுமாக மின்னும் ரோஜா வண்டு. எகிப்து வண்டுக்கு அந்தக் குளிர்நாட்டில் கிடைக்கக்கூடிய மிக நெருங்கிய சொந்தம். உள்ளங்கையை நீட்டி, ‘இதோ உங்கள் வண்டு’ என்று கொடுத்தார்.

அந்தப் பெண்ணின் தர்க்கக் கோட்டையில் அன்று விரிசல் விழுந்தது, வைத்தியம் நகர்ந்தது என்று எழுதினார். கோடைகாலத்தில் அந்த வண்டு அங்கே அபூர்வம் அல்ல. யுங் கேட்ட எத்தனையோ கனவுகளில் ஏதாவது ஒன்றின்போது ஜன்னலில் ஏதாவது ஒன்று மோதத்தான் செய்யும். கணக்குப்படி என் தீர்ப்பு அதுதான். ஆனால் அந்தப் பெண்ணுக்கு அது ஆயிரத்தில் ஒரு கனவு இல்லை, அவருடைய கனவு. அவர் மனம் திறந்தது உண்மை. அந்த உண்மைக்கு ஒரு பெயர் தேவைப்பட்டது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

பெயர் வைத்தாகிவிட்டது, கதையும் கையில் இருக்கிறது. இருந்தும் சுமார் இருபது ஆண்டுகள் யுங் இதைப் பற்றி முழுதாக ஒரு கட்டுரை எழுதவில்லை. துணிவு வரவில்லை என்று அவரே சொன்னார். துணிவைக் கொடுத்தவர் பவுலி.

போர்க்காலத்தைப் பிரின்ஸ்டனில் கழித்து, 1945-ல் நோபல் பரிசும் பெற்று, 1946-ல் பவுலி ஜூரிக் திரும்பியிருந்தார். 1948 ஏப்ரல் 24, யுங் பெயரில் ஒரு கல்வி நிறுவனத்தின் தொடக்க விழா. பவுலி அறைக்குள் நுழைகிறார். யாரும் தொடாமல் ஒரு சீனப் பூச்சாடி சரிந்து விழுந்து, தரையெல்லாம் தண்ணீர். அந்த நாட்களில் பவுலியின் மனத்தில் ஓடிக்கொண்டிருந்தது, கெப்ளரை எதிர்த்து வாதாடிய 17-ஆம் நூற்றாண்டு ரசவாதி ராபர்ட் ஃப்ளட். ஜெர்மனில் ‘ஃப்ளூட்’ என்றால் வெள்ளம். பவுலி அதிர்ந்துபோனார்.

1949-ல் யுங் தன் கட்டுரையின் வரைவை அனுப்பினார். நண்பர் என்பதற்காகப் பவுலி விட்டுக்கொடுக்கவில்லை. அவருடைய முதல் அடி, சொல்லின் மேலேயே விழுந்தது. காலம் என்ற பொருளை இந்தப் பெயரில் ஏன் வைத்தீர்கள்? கனவு இன்று வந்து நிகழ்ச்சி நாளை நடந்தால் அதையும் இதில் சேர்க்கிறீர்களே, அங்கே ஒரே நேரம் எங்கே இருக்கிறது? பொருள் ஒத்துவருவதுதானே மையம்; அப்படியானால் ‘பொருள் இசைவு’ என்பது போன்ற பெயரே தகும் என்றார். கேள்வி மிகச் சரியானது. யுங் பெயரை மாற்றவில்லை. ஆனால் கட்டுரையை மாற்றினார், பலமுறை. 1950-ல் பவுலியின் யோசனைப்படி ஒரு படமும் உருவானது. மேலே அழியாத ஆற்றல், கீழே கால-இடம், ஒரு கையில் காரணம், மறு கையில் சிங்க்ரோனிசிட்டி. ஆலும் ஓடும் எதிரெதிரே நிற்கும் சிலுவை.

யுங்குக்கு அதுவும் போதவில்லை. எண்களால் காட்ட வேண்டும். அதற்கு அவர் எடுத்த களம், நம் ஊரில் கல்யாணப் பேச்சு எடுத்தாலே முன்னால் வந்து நிற்கும் களம்: ஜாதகம்.

மணமானவர்களின் 180 ஜோடி ஜாதகங்கள் முதலில் சேர்ந்தன. மனைவியின் சந்திரன் கணவனின் சூரியனோடு சேர்ந்திருந்தால் நல்ல பொருத்தம் என்பது மேலைநாட்டுப் பழைய நம்பிக்கை. சந்திரனும் சந்திரனும், சந்திரனும் லக்னமும் சேர்வது அடுத்த இரண்டு. ஒப்பிட்டுப் பார்க்க, அதே ஆண்களையும் பெண்களையும் மாற்றி மாற்றி ஜோடி சேர்த்தார். மணமாகாத ஜோடிகள் 32,220 கிடைத்தன. எண்ணிப் பார்த்தால், மணமானவர்களிடம் மற்ற எந்தச் சேர்க்கையையும்விட முன்னால் நின்றது சந்திரன்-சூரியன், 10 சதவீதம். யுங்குக்குத் தூக்கம் போயிருக்கும். இன்னும் 220 ஜோடிகள் வந்தன. இப்போது முன்னால் நின்றது சந்திரன்-சந்திரன், 10.9 சதவீதம். கடைசியாக 83 ஜோடிகள். சந்திரன்-லக்னம், 9.6 சதவீதம். மூன்று தொகுதி, மூன்று முதலிடம், மூன்றும் மரபு சொன்ன அதே மூன்று!

கணக்கை ஃபியர்ஸிடம் கொடுத்தார்கள். 483 ஜோடிகளையும் ஒன்றாகக் கொட்டிப் பார்த்தபோது சிகரங்கள் கரைந்துபோயின. எண்ணிக்கை கூடக் கூட எல்லாம் சராசரிக்குத் திரும்பியது. ஜோதிடத்துக்கு அதில் ஆதாரம் எதுவும் இல்லை.

யுங் இதை மறைக்கவில்லை; அப்படியே அச்சிட்டார். ஆனால் அடுத்து ஒரு வாதம் வைத்தார். தற்செயல்தான், ஒப்புக்கொள்கிறேன், ஆனால் தற்செயல் ஏன் நான் ஆவலோடு எதிர்பார்த்த அதே வரிசையில் வந்து நின்றது? அதுவே சிங்க்ரோனிசிட்டி என்றார். இந்த இடத்தில் என்னால் அவரோடு சேர்ந்து நடக்க முடியவில்லை. முடிவு எப்படி வந்தாலும் ஜெயிக்கிற வாதத்தை எந்தச் சோதனையாலும் தொட முடியாது. மீன்களைத் தள்ளிவைத்த அதே கறார் ஜாதகங்களிடமும் இருந்திருக்க வேண்டும்.

1951-ல் அஸ்கோனா ஏரிக்கரையில் நடந்த எரானோஸ் கூட்டத்தில் யுங் இதைப் பற்றிச் சொற்பொழிவாற்றினார். 1952-ல் ஜூரிக்கில் புத்தகம் வந்தது. ஒரே அட்டைக்குள் இரண்டு கட்டுரைகள்: சிங்க்ரோனிசிட்டி பற்றி யுங், கெப்ளரும் ஃப்ளட்டும் மோதியது பற்றிப் பவுலி. தவிர்க்கை விதியின் தந்தை இப்படி ஒரு நூலில் பெயர் கொடுத்தது சக இயற்பியலாளர்கள் பலருக்கு எதிர்பாராத அதிர்ச்சி. சொல் மட்டும் ஏரிக்கரையைவிட்டுப் புறப்பட்டுவிட்டது. 1983-ல் ‘தி போலீஸ்’ இசைக்குழு தன் ஆல்பத்துக்கே அந்தப் பெயரை வைக்கும் அளவுக்குப் பரவியது. போகிற வழியில், யுங் அவ்வளவு பாடுபட்டுப் போட்ட நிபந்தனைகள் உதிர்ந்துவிட்டன. இன்று எந்தத் தற்செயலுக்கும் அந்தச் சொல்லைப் போடுகிறார்கள்.

பவுலிக்கு இன்னும் ஆறு ஆண்டுகள் இருந்தன. 1956-ல், 26 ஆண்டுகளுக்கு முன் அவர் ஊகித்த நியூட்ரினோ உண்மையிலேயே பிடிபட்டதாக அமெரிக்காவிலிருந்து தந்தி வந்தது. அந்த ஆய்வுக்கூடத்தில் அவர் இல்லை, கருவி உடையவில்லை.

1958 டிசம்பர் 5, வெள்ளிக்கிழமை. ஜூரிக்கில் பாடம் நடத்திக்கொண்டிருந்தபோது அவருக்கு வயிற்றில் கடுமையான வலி. மறுநாள் ரோட்க்ராய்ட்ஸ் மருத்துவமனையில் சேர்த்தார்கள். அவருடைய கடைசி உதவியாளர் சார்லஸ் என்ஸ் பார்க்கப் போனார். கட்டிலில் பவுலி நிலைகொள்ளாமல் இருந்தார். நோயைப் பற்றிப் பேசவில்லை. அறை எண்ணைக் கவனித்தாயா என்று கேட்டார்.

(தொடரும்)